கேட்கப் பழகிய பிள்ளை: கற்றல் தேவையைச் சொல்லக் கற்றுக்கொடுப்பது எப்படி

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. தனி அறை, சொல்வதை எழுத ஓர் ஆசிரியர், கூடுதலாக ஒரு மணி நேரம். டிஸ்லெக்சியா (படிப்பதிலும் எழுதுவதிலும் தடை தரும் கற்றல் குறைபாடு) உள்ள மாணவருக்குக் கிடைக்க வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. எழுதுபவர் கேள்வியை ஒரு முறை வாசிக்கிறார். மாணவரின் மனத்தில் பாதிதான் நின்றது. “இன்னொரு தடவை வாசிங்க சார்” என்று கேட்க வாய் வரவில்லை. நினைவில் நின்ற பாதிக்குப் பதில் சொல்கிறார், அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். இரண்டரை மணி நேரத்தில் தாள் முடிந்துவிடுகிறது. போராடி வாங்கிய கூடுதல் நேரம் அப்படியே மிஞ்சிக் கிடக்கிறது.

சான்றிதழுக்கும் விண்ணப்பத்துக்கும் பெற்றோர் ஓடுகிறார்கள், பள்ளியும் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் விட்டுப்போகும் ஒன்று உண்டு. தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தானே சொல்லும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு வேண்டும். வெட்கம் விலகினால் தானாக வந்துவிடும் என்று பலரும் இதைக் குணத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அப்படி வருவதில்லை. வாய்ப்பாடு போல, நீச்சல் போல, படிப்படியாகச் சொல்லிக்கொடுத்துப் பழக்க வேண்டிய திறமை இது.

நம் வகுப்பறையில் இது ஏன் இவ்வளவு கடினம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். “புரியுதா?” என்று கேட்டால் நாற்பது பேரும் ஒரே குரலில் “புரியுது மிஸ்” என்பார்கள். அந்தக் குரலுக்குள் ஒளிந்துகொள்வது சுலபம். தனியாக எழுந்து “எனக்குப் புரியல” என்று சொல்லும் பிள்ளையை வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும். கைகட்டி வாய்பொத்தி நிற்பதே மரியாதை என்று வீட்டிலும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். மரபு அப்படி மட்டும் சொல்லவில்லை. நன்னூல், மாணாக்கன் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது பணிவோடு கேட்டு மனத்தில் இருத்தச் சொல்கிறது. அதே பகுதியில் ‘வினாதல்’ என்பதையும் கடமை வரிசையில் வைக்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

சட்டமும் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் 21 ஆயின. படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகியவற்றில் சிக்கல் தரும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ முதன்முறையாகப் பட்டியலுக்குள் வந்தது அப்போதுதான். 17ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், எழுதுபவர் வசதி, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இவற்றைப் பற்றிப் பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது 4ஆம் பிரிவு. குறைபாடுள்ள குழந்தைகள் தங்களைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் தங்கள் கருத்தைத் தடையின்றிச் சொல்லலாம், அதற்கு வயதுக்கும் குறைபாட்டுக்கும் ஏற்ற ஆதரவை அரசு தர வேண்டும் என்கிறது அது. கருத்துச் சொல்லும் உரிமையோடு, சொல்வதற்கான ஆதரவும் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த ஆதரவு வகுப்பறையில் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

முதலில், எங்கே இடறுகிறது?

“எனக்குப் படிப்பு வரல.” உதவி தேவைப்படும் பிள்ளைகள் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இதைக் கேட்டு எந்த ஆசிரியராலும் எதுவும் செய்ய முடியாது. “நல்லாப் படி” என்று சொல்லத்தான் முடியும். கேட்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன், எந்த வேலையில், எந்தக் கணத்தில் தடை வருகிறது என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும்.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவதை எடுத்துக்கொள்வோம். தடையில்லாமல் படிக்கும் பிள்ளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தால் மூன்று நான்கு சொற்களை மனத்தில் ஏந்திக்கொண்டு குனிந்து எழுதும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையால் ஒரு பார்வைக்கு இரண்டு மூன்று எழுத்துகளைத்தான் ஏந்த முடியலாம். நாற்பது எழுத்துள்ள ஒரு வரிக்குப் பதினான்கு முறையாவது நிமிர வேண்டும். ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தைத் தேட வேண்டும். தேடும்போது கண் கீழ்வரிக்குத் தாவிவிடும்.

தமிழ் எழுத்தின் அமைப்பு இந்தச் சுமையைக் கூட்டுகிறது. ‘போ’ என்று எழுத முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ‘ப’, பிறகு கால். வாய் சொல்லும் வரிசை ஒன்று, கை எழுதும் வரிசை வேறு. ‘கெ’யும் ‘கை’யும் இப்படித்தான், உயிர்க்குறி முன்னால் வந்து நிற்கிறது. இதோடு ல, ள, ழ. இதோடு ர, ற. இதோடு ந, ன, ண. காதுக்கு நெருக்கமாக ஒலிப்பவை, கண்ணுக்கு வேறு வேறு. ஆசிரியர் போர்டை அழிக்கும்போது இந்தப் பிள்ளை மூன்றாவது வரியில் இருப்பான். நோட்டில் பாதிப் பாடம்தான் இருக்கும். தேர்வுக்கு அந்த நோட்டைத்தான் படிக்க வேண்டும்.

ஆக, ‘படிப்பு வரல’ என்றதன் உண்மைப் பொருள் ‘போர்டைப் பார்த்து எழுதும்போது இடம் தவறுகிறது’ என்பது. அதற்குத் தீர்வு உண்டு.

இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு ரஃப் நோட்டும் ஒரு வாரமும் போதும். ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும் பிள்ளை மூன்றில் ஒன்றைக் குறிக்கட்டும்: சரியாகப் போனால் டிக், சிரமமாக இருந்தால் வட்டம், விட்டுவிட்டால் குறுக்குக் கோடு. மாலையில் பெரியவர் ஒருவர் வட்டங்களைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும். “அப்போ என்ன செஞ்சிட்டிருந்தே? கேட்டுட்டு இருந்தியா, எழுதிட்டு இருந்தியா, வாசிச்சியா?” வாரக் கடைசியில் வட்டங்கள் ஓரிரண்டு வேலைகளைச் சுற்றியே குவிந்திருப்பது தெரியும். டிக் விழுந்த இடங்களையும் பார்க்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்ட வரலாற்றுப் பாடம் நன்றாகப் போயிருந்தால், காது வழியாகப் படிப்பது இந்தப் பிள்ளைக்கு ஒத்துவருகிறது என்று அதில் எழுதியிருக்கிறது.

காரணம் எப்போதும் கற்றல் குறைபாடாகத்தான் இருக்கும் என்றும் முடிவுகட்டக் கூடாது. கண்ணாடி தேவைப்படும் பிள்ளையும் போர்டை விட்டுவிடும். ஒரு காதில் கேட்புக் குறைவுள்ள பிள்ளை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் பாதிச் சொற்களை இழந்துவிடும். ஆசிரியர் போர்டைப் பார்த்துத் திரும்பிப் பேசும்போது மீதியும் போய்விடும். கண்ணும் காதும் சோதிக்கப்பட்டனவா என்பதை முதல் வாரத்திலேயே உறுதிசெய்ய வேண்டும்.

கேட்கும் வாக்கியம்

நல்ல கோரிக்கையில் நான்கு செய்திகள் இருக்கும்: எந்த வேலையில் தடை, எது உதவும், எவ்வளவு அல்லது எப்போது, தன் பங்குக்குத் தான் என்ன செய்வேன். நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆசிரியரின் மனத்தை மாற்றுவது பெரும்பாலும் அதுதான்.

“மிஸ், போர்டைப் பாத்து எழுதும்போது எனக்கு வரி மாறிடுது. கிளாஸ் முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் அழிக்காம விட்டீங்கன்னா முடிச்சிடுவேன். விட்டுப்போனதை அன்னைக்கே யாருகிட்டயாவது பாத்து எழுதிடறேன்.”

“சார், திடீர்னு எழுப்பி வாசிக்கச் சொன்னா எனக்குத் தடுமாறுது. நாளைக்கு எந்தப் பத்தின்னு இன்னைக்கே சொல்லிட்டீங்கன்னா வீட்டுல பழகிட்டு வந்து வாசிக்கிறேன்.”

இரண்டாவது கோரிக்கையைப் பாருங்கள். வாசிப்பிலிருந்து விலக்கு கேட்கவில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்கிறது. ஆசிரியருக்குச் செலவு ஒரு வாக்கியம். தொடக்கத்தில் இப்படிப்பட்ட சிறிய, உடனே செய்யக்கூடிய கோரிக்கைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். “வீட்டுப்பாடமே வேண்டாம்” என்று தொடங்கினால் மறுப்புதான் வரும். முதல் மறுப்பு மனத்தில் நெடுநாள் தங்கும்.

இரண்டு வாக்கியங்களிலும் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல் இல்லாததும் தற்செயலல்ல. அந்தச் சொல்லைக் கேட்டு ஓர் ஆசிரியர் பயப்படலாம், இன்னொருவர் “அதெல்லாம் சினிமாவுல வர்றது” என்று தள்ளலாம். செய்யும் வேலையைச் சொல்லி விளக்கினால் இரண்டு பேருக்கும் புரியும். தன் குறைபாட்டின் பெயர் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதை வெட்கமில்லாமல் சொல்லவும் தெரிய வேண்டும். யாரிடம் எப்போது சொல்வது என்பது பிள்ளையின் முடிவு. விண்ணப்பப் படிவத்தில் அந்தப் பெயர் கட்டாயம் வேண்டும். வகுப்பு நடுவில் வேண்டியதில்லை.

வாக்கியம் தயாரானதும் நடித்துப் பழக வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம் போதும். பெரியவர் மூன்று வித ஆசிரியராக நடிக்க வேண்டும். ஒருவர் “சரிப்பா” என்று உடனே ஒத்துக்கொள்பவர். இன்னொருவர் திருத்த வேண்டிய நோட்டுகளோடு அவசரத்தில் இருப்பவர். மூன்றாமவர் “எல்லாருக்கும் ஒண்ணுதான், உனக்கு மட்டும் எப்படிக் குடுக்கிறது?” என்பவர். முதலாமவரை மட்டும் வைத்துப் பழகிய பிள்ளை நிஜத்தில் மூன்றாமவரைச் சந்திக்கும்போது உடைந்துபோகும். அவசரக்காரரிடம் “எப்ப வந்தா பேசலாம் மிஸ்?” என்று கேட்கவும், மறுப்பவரிடம் “சரி சார், கிளாஸ் மிஸ்கிட்டயும் கேட்டுட்டு வர்றேன்” என்று சண்டையில்லாமல் நகரவும் பழக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளை, “ஏன் அப்படி?” என்ற ஒரு கேள்விக்கே நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் சொற்களை மாற்றிச் சொல்ல வைப்பது நல்லது.

நேரமும் இடமும் முக்கியம். பாடம் நடுவில் எழுந்து கேட்டால் ஆசிரியருக்கு அது இடையூறு, வகுப்புக்கு அது வேடிக்கை. பாடவேளை முடிந்து ஆசிரியர் வெளியே வரும்போது, அல்லது மதிய இடைவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் கேட்பதே நல்லது. பேச்சே வராத பிள்ளை நான்கு வரியில் எழுதிக் கொடுக்கலாம். எழுத்தும் கடினம் என்றால், முன்பே பேசிவைத்த அடையாளம் ஒன்று போதும், டெஸ்க் ஓரத்தில் நோட்டைக் குப்புற வைப்பது போல.

பதில் சொல்பவர் கையில் இருப்பது

இந்தப் பயிற்சி பலிப்பதும் வீணாவதும் பெரும்பாலும் முதல் பதிலில் தீர்மானமாகிறது. பல நாள் தயங்கி, வாரக்கணக்கில் பழகி ஒரு பிள்ளை வந்து கேட்கிறது. “இதுக்கு மட்டும் வாய் நல்லா வருதே” என்று ஒரு வரி வந்தால், அந்தப் பிள்ளை அந்த ஆண்டு முழுவதும் கேட்காது. பக்கத்தில் நின்று பார்த்த மற்ற பிள்ளைகளும் கேட்க மாட்டார்கள்.

ஆசிரியரால் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்ள முடியாது. நாற்பது, ஐம்பது பேர் வகுப்பு, முடிக்க வேண்டிய பாடத்திட்டம், அடுத்த பாடவேளைக்கு வேறு வகுப்பு என்று அவருக்கு உண்மையான நெருக்கடி உண்டு. போர்டை அழிக்காமல் விட முடியாது, அடுத்த ஆசிரியருக்கு அது வேண்டும். அப்போதும் “கேட்டது நல்லது. போர்டை விட முடியாதுப்பா, என் பாடக்குறிப்பைப் பாத்து எழுதிக்கோ, மூணு மணிக்குத் திருப்பிக் குடு” என்று சொல்லலாம். கேட்டதே கிடைக்காவிட்டாலும், கேட்டால் ஏதோ ஒன்று நகரும் என்பதைப் பிள்ளை பார்த்துவிட்டது. ஒத்துக்கொண்டதை அன்றோ மறுநாளோ செய்துவிட வேண்டும். “பாக்கலாம்” என்று தள்ளிப்போடுவதைப் பிள்ளைகள் மறுப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

“அவனுக்கு மட்டும் ஏன்?” என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள், நியாயமான கேள்விதான். கூடுதல் நேரம் தெரியாத பதிலைத் தெரிய வைக்காது, தெரிந்ததை எழுத மட்டும் இடம் தரும் என்று ஆசிரியரே நேராகச் சொல்லிவிடலாம். யாருக்கு என்ன தேவையோ அதைக் கேட்கலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிட்டால் இன்னும் நல்லது. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளை, காலையில் வேலைக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளை, இவர்களும் கேட்க வேண்டியவர்கள்தான்.

பெற்றோர் செய்யும் தவறு வேறு மாதிரி. தலைமை ஆசிரியர் அறையில் அம்மா பேசுவார், அப்பா பேசுவார், சிறப்புப் பயிற்றுநர் பேசுவார். பிள்ளை சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்பினால்தான் பேசுகிறார்கள், ஐயமில்லை. ஆனால் பேச்சு முழுவதும் தன்னைப் பற்றியது என்பதும், தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதும் பிள்ளைக்குத் தெரியும். அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டத்தின்படி, பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு மாணவரையே அழைக்க வேண்டும், அது மிகத் தாமதமாக 16 வயதுக்குள் தொடங்க வேண்டும். நாம் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை அந்த அறையில் முதல் இரண்டு நிமிடம் பேசலாம்: எது நன்றாக வருகிறது, எது சிரமம், எது வேண்டும். வீட்டில் மூன்று முறை ஒத்திகை பார்த்தால் போதும். தலைமை ஆசிரியர் பெற்றோரைப் பார்த்துக் கேள்வி கேட்டால், பெற்றோர் பிள்ளையின் பக்கம் திரும்பி “நீயே சொல்லும்மா” என்று விட்டுவிட வேண்டும். அப்போது வரும் மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் பெற்றோருக்கான பயிற்சி.

ஆறாம் வகுப்பு என்று சொல்லக் காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஓரிரு ஆசிரியர்களே எல்லாப் பாடமும் எடுப்பார்கள், பிள்ளையை அவர்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவர் வருகிறார். ஒருவரிடம் சொன்னது மற்றவருக்குப் போய்ச்சேராது. ஐந்தாம் வகுப்பு முடியும்போதே அரைப் பக்கக் குறிப்பு ஒன்றைப் பிள்ளையின் சொற்களிலேயே எழுதி, ஜூன் மாதம் முதல் வாரத்தில் ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அடுத்த திருப்பம் ஒன்பதாம் வகுப்பு. 2018 ஜனவரியில் வெளியான மத்திய அரசின் மதிப்பீட்டு நெறிமுறை, கற்றல் குறைபாட்டுச் சான்றை 8 வயதில் தொடங்கி 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி எடுக்கச் சொன்னது. 14 வயது என்பது பொதுத் தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்குச் சற்று முந்தைய காலம். அந்த மதிப்பீட்டு அறிக்கையைப் பீரோவில் பூட்டாமல் பிள்ளையோடு உட்கார்ந்து வாசித்து விளக்க வேண்டும். எந்தச் சலுகையைக் கேட்பது என்ற முடிவும் அப்போதே. மொழிப் பாட விலக்கு வாங்கினால் அந்த மொழித் தாள் தொடர்பான விஷயங்கள் பின்னாளைய மேற்படிப்பிலும் வேலையிலும் எழலாம். வசதி என்பதற்காகப் பெரியவர்கள் மட்டும் முடிவெடுத்துவிடக் கூடாது.

இனி, முதலில் பார்த்த தேர்வறைக்குத் திரும்புவோம். சொல்வதை எழுதுபவரோடு வேலை செய்வது தனித் திறமை. எழுதுபவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டிலிருந்து பொதுத் தேர்வுக்குள் குறைந்தது ஐந்தாறு முழுத் தாள்கள், முடிந்தால் மூன்று வெவ்வேறு நபர்களோடு பழக வேண்டும். தாயாரை வைத்தே பழகினால் பயன் குறைவு, சொல்லாமலே புரிந்துகொள்வார்.

கணிதத்தில்தான் அதிகம் தவறும். “எக்ஸ் பிளஸ் த்ரீ பை டூ” என்று சொன்னால் எழுதுபவர் மூன்றை மட்டும் இரண்டால் வகுத்து எழுதலாம், மொத்தத்தையும் வகுத்து எழுதலாம். இரண்டும் வேறு விடை. “எக்ஸ் பிளஸ் த்ரீ, முழுசுக்கும் கீழே டூ” என்று சொல்லப் பழக வேண்டும். புதிய வரி, அடிக்கோடு, பத்தி, கேள்வி எண் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். நீண்ட விடைக்கு முன் குறிப்புகளைத் தானே கிறுக்கிக்கொள்ள ஒரு தாள் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று அறைக் கண்காணிப்பாளரிடம் கேட்க வேண்டும். படம் வரைதல், வரைபடம் குறித்தல் ஆகியவற்றுக்கு மாற்று ஏற்பாடு என்ன என்பதைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே பள்ளியில் விசாரித்துவிட வேண்டும்.

கேட்கக்கூடியவை எவை, கேட்கக்கூடாதவை எவை என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். “மறுபடி வாசிங்க”, “மெதுவா வாசிங்க”, “எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க”, “இதை விட்டுட்டு 28க்குப் போகலாம்”, இவையெல்லாம் உரிமை. கேள்விக்கு அர்த்தம் சொல்லச் சொல்லக் கூடாது, விடை சரியா என்று கேட்கக் கூடாது. இது முன்பே தெரிந்திருந்தால், எழுதுபவர் “அதைச் சொல்ல மாட்டேன்” என்னும்போது பிள்ளை கோபம் என்று நினைத்துச் சுருங்கிப்போகாது. மூன்று மணி நேரத் தாளோடு கூடுதல் ஒரு மணி சேர்ந்தால் நான்கு மணி நேரம். வாய் உலர்ந்துபோகும். தண்ணீர் கேட்பதும் பழக வேண்டிய வாக்கியம்தான்.

கல்லூரிக்கும் போட்டித் தேர்வுக்கும் போனபின் விதிகளைத் தானே வாசிக்க வேண்டிவரும். 2018 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் எழுத்துத் தேர்வு நெறிமுறை, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ளவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரச் சொன்னது. தேர்வு நடத்துவோர் ஏற்பாடு செய்யும் எழுதுபவரை இரண்டு நாள் முன்பே சந்திக்கவும் வழி செய்தது. 40 விழுக்காட்டை எட்டாதவர்கள் என்ன செய்வது? எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் சிக்கல் உள்ள விகாஷ் குமார், குடிமைப் பணித் தேர்வுக்கு எழுதுபவர் வேண்டும் என்று கேட்டார். மறுக்கப்பட்டு வழக்காடினார். 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எழுதுபவர் வசதிக்கு 40 விழுக்காடு என்ற வரம்பைக் கட்டாயமாக்க முடியாது என்றது. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் தனி நெறிமுறை வந்தது.

கல்லூரியில் யாரும் தேடி வந்து கேட்க மாட்டார்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே துறைத் தலைவருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் தனித்தனியாக ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும். சான்றிதழ் நகல், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல், பத்தாம் பன்னிரண்டாம் வகுப்பில் சலுகை வழங்கப்பட்ட ஆணையின் நகல் மூன்றையும் இணைக்க வேண்டும். என்ன வேண்டும் என்பதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும், கதை பிறகு. அலுவலகத்தில் இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் அகமதிப்பீட்டுத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு, அந்த முத்திரையிட்ட பிரதியோடு நேரில் போய் அறை எண்ணையும் எழுதுபவர் யார் என்பதையும் கேட்டு வர வேண்டும்.